பீட்டரின் நண்பர் என்பதோடு முடிகிற ஆளா விட்சன்?

ஆம்ஸ்டர்டாம்காரர் நிக்கோலாஸ் விட்சன் (1641–1717) என்று பேச்செடுத்தாலே ரஷ்ய ஜார் பீட்டரின் கதைதான் வந்து நிற்கும். 1697-இல் பீட்டர் மாறுவேடத்தில் ஹாலந்து வந்தார். முதலில் இறங்கிய சாண்டாம் ஊரில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் மொய்த்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் அவருக்கு வேலை ஏற்பாடு செய்தவர் விட்சன். அந்த நகரின் மேயராக 13 முறை இருந்தவர், கம்பெனி இயக்குநர். அவருக்கு இதெல்லாம் ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். என் கணக்கில் அவருடைய பெரிய வேலை வேறு: அடுத்தவர் கையிலும் வாயிலும் இருந்ததை எழுத்தில் பிடித்து வைத்தது.

1671-இல் கப்பல் கட்டுவது பற்றி ஒரு பெரிய நூல் போட்டார். அவர் ஓடாவி (கப்பல் கட்டும் தச்சர்) இல்லை, சட்டம் படித்தவர். 134 அடிக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து சொல்கிறார். (ஆம்ஸ்டர்டாம் அடி என்பது அந்த ஊர் அங்குலத்தில் 11, சுமார் 28.3 செ.மீ. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பும்.) கப்பல் நீளத்தில் 10 அடிக்கு ஓர் அங்குலம் வீதம் முன்கம்பத்தின் (கப்பலின் முன்முனையில் எழும் மரம், பாய்மரம் அல்ல) கனம், மற்ற மரங்களின் அளவு பெரும்பாலும் அதிலிருந்து பிறக்கும்.

வேலை முறைதான் ருசியான இடம். முதலில் ஏரா மரம் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), பிறகு முன்கம்பம், பின்கம்பம். அடுத்து விலாச்சட்டம் வரும் என்று நினைப்போம், வராது. பலகைகளை நெருப்பில் காட்டி வளைத்து, பக்கத்தில் பக்கமாக வைத்து, சின்னக் கட்டைகளை ஆணியடித்துத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்வார்கள். அடிவயிறு உருவான பிறகே உள்ளே சட்டம் இறங்கும். கட்டைகளைக் கழற்றி, ஆணி ஓட்டைகளை மரமுளையால் அடைப்பார்கள். மூழ்கிய கப்பல் இந்த முறையில் கட்டியதா என்று அறிய ஆய்வாளர்கள் தேடுவது இந்த முளை வரிசையைத்தான்.

இந்த முறைக்கு வரைபடம் தேவையில்லை; வடிவம் ஓடாவியின் கண்ணில் இருக்கிறது. கோளாறும் அங்கேயே. ஒரே அளவுக் கப்பல் இரண்டு கட்டினாலும் அச்சு அசலாக வராது. கடற்படை கட்ட வந்த பீட்டருக்கு இது போதவில்லை. வரைபடக் கலை கற்க 1698 தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஆனால் நெதர்லாந்தின் லேலிஸ்டாட் நகரில் 1985 முதல் 1995 வரை ‘பட்டாவியா’ என்ற 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கப்பலை மறுபடி கட்டியவர்களுக்குக் கைகொடுத்த நூல்களில் விட்சனுடையது முக்கியமானது.

அவர் போட்ட சைபீரிய நிலப்படமும் இதே பாணிதான், அடுத்தவர் சொன்னதைத் திரட்டியது. 23 வயதில் தூதுக்குழுவோடு மாஸ்கோ போனார் (1664–65). அதற்குக் கிழக்கே அவர் கால் வைக்கவே இல்லை. வணிகர், அதிகாரிகளிடமிருந்து வந்த கடிதங்களைக் கோத்து ஆறு தாள்களில் 1690 வாக்கில் படத்தை அச்சிட்டு பீட்டருக்குக் காணிக்கையாக்கினார். விளக்க நூல் 1692-இல் வந்தது. திருப்தி இல்லாமல் 1705-இல் பெருக்கி எழுதினார். படிப்பது சிரமம். ஒரே ஊருக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் அப்படியே ஒட்டியிருப்பார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்றங்கரையில் கிடைக்கும் ராட்சதத் தந்தங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயரையும் அவர் வெட்டாமல் விட்டதால்தான் ‘மம்மத்’ (அழிந்துபோன ரோம யானை) என்ற சொல் மேற்கு ஐரோப்பிய அச்சில் ஏறியது.