கற்களை நட்டவர்களின் பெயர்கள்

ஜப்பானின் கியோட்டோ நகரத்துக் கோயில் தோட்டங்களைப் பற்றித் தமிழில் வரும் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் மௌனம், தியானம், ஜென், வெறுமை என்ற நான்கு சொற்களைச் சுற்றியே வருகின்றன. அந்தச் சொற்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளும்போது, அந்தத் தோட்டங்கள் ஏதோ ஞானத்தின் விளைவாகத் தாமே உண்டானவை என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அங்கே போகும் பயணி முதலில் பார்க்க வேண்டியது உழைப்பை என்பதே என் உறுதியான கருத்து. அந்த உழைப்பைத் தந்தவர்களில் பலர் அவர்கள் காலத்தில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டிருந்தவர்கள்.

ரியோவான்ஜி கோயிலை எடுத்துக்கொள்வோம். 1450ஆம் ஆண்டு ஹொசோகாவா கட்சுமோட்டோ என்ற பிரபு நிறுவிய ஜென் பௌத்தக் கோயில் அது. 1467இல் தொடங்கிய ஓனின் உள்நாட்டுப் போரில் எரிந்து, பிறகு மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட வெண்சரளைப் பரப்பில், ஐந்து தொகுதிகளாக 15 கற்கள் நிற்கின்றன. மரத் தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும் என்பது உலகம் முழுவதும் தெரிந்த செய்தி. அதனால் வருகிறவர்கள் எல்லாரும் விரல் நீட்டிக் கற்களை எண்ணுகிறார்கள். பதினான்கு என்று எண்ணி முடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் விட்டது எவ்வளவோ இருக்கிறது. எண்ணெய் கலந்து குழைத்த களிமண்ணால் எழுப்பிய பின்சுவரில் காலப்போக்கில் எண்ணெய் கசிந்து பழுப்பும் கருமையுமாகப் படர்ந்திருக்கும் திட்டுகளை மட்டுமே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கும் ஒரு தாழ்வான கல்லின் பின்புறத்தில் இரண்டு மனிதர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தாழ்வாரத்திலிருந்து அவை கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தோட்டத்தை வடிவமைத்தவர் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படாத நிலையில், அந்த இருவரும் இங்கே கற்களை நட்ட தொழிலாளர்களாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. மறைந்திருக்கும் பதினைந்தாவது கல்லைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், மறைந்திருக்கும் இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

அந்தத் தொழிலாளர்களைக் கவராமோனோ என்று அழைத்தார்கள். ஆற்றங்கரையில் வசித்தவர்கள் என்று பொருள். வரி விதிக்க முடியாத, வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் கரைகளில் குடியிருந்து, மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, கிணறு வெட்டுவது, மண் சுமப்பது ஆகிய வேலைகளைச் செய்தவர்கள். இரத்தத்தையும் இறந்த உடலையும் தொட்டதால் தீட்டுப்பட்டவர்கள் என்று சமூகம் அவர்களை ஒதுக்கிவைத்தது. தமிழ் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பாறைகளைப் புரட்டவும் மரங்களை வேரோடு இடம் மாற்றவும் அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் அதே கைகள் வேண்டியிருந்தன. காலப்போக்கில் அவர்களில் சிலர் கூலியாட்கள் என்ற நிலையைக் கடந்து, எந்தக் கல் எங்கே எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கலைஞர்களானார்கள்.

அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஜெனாமி. ஷோகன் என்ற படைத்தலைமை ஆட்சியாளராக இருந்த அஷிகாகா யோஷிமாசா அவரிடம் அளவற்ற மதிப்பு வைத்திருந்தார். ஜெனாமி நோயுற்றபோது மருந்து அனுப்பிவைத்தார் என்பது அக்காலக் கோயில் நாட்குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த ஜெனாமி 1482இல் இறந்தார். அதே ஆண்டில்தான் யோஷிமாசா, பின்னாளில் வெள்ளி மண்டபம் என்று பெயர் பெற்ற கின்காகுஜியின் கட்டுமானத்தைத் தொடங்கினார். அங்கே தோட்டப் பணியில் ஜெனாமியின் பேரன் மதாஷிரோவுக்குப் பங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது. இந்த மதாஷிரோ சொன்ன ஒரு செய்தியை 1489ஆம் ஆண்டு ஒரு ஜென் துறவி தம் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். விலங்குகளை அறுக்கும் குடும்பத்தில் பிறந்ததற்காகத் தாம் வருந்துவதாகவும், அதனால் எந்த உயிரையும் கொல்வதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் மதாஷிரோ சொல்லியிருக்கிறார். அரண்மனைத் தோட்டங்களை உருவாக்கிய குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையில் வந்த ஒரு கலைஞர், தம் பிறப்புக்காக இப்படி வருந்த வேண்டியிருந்தது என்பதைப் படித்த பிறகு, அந்தக் கோயிலின் மணல் மேட்டையும் குளத்தையும் அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை.

துறவிகளின் பங்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1339ஆம் ஆண்டு சாய்ஹோஜி கோயிலைச் சீரமைத்த ஜென் துறவி முசோ சோசெகி மாபெரும் தோட்டக் கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய பெயர் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அது மட்டுமன்று, இன்று சாய்ஹோஜிக்குப் பாசிக் கோயில் என்ற பெயர் வாங்கிக்கொடுத்த அந்தப் பச்சைக் கம்பளம் அவர் திட்டமிட்டதே அன்று. பிற்காலத்தில் பராமரிப்புக் குறைந்து, ஈரம் தேங்கி, சுமார் 120 வகைப் பாசிகள் படர்ந்து உண்டானது. அது இன்றைக்கும் அப்படியே நிற்கக் காரணம் அன்றாடம் குனிந்து செய்யும் வேலை. உதிர்ந்த இலை ஒரு வாரம் கிடந்தாலே அதன் அடியில் இருக்கும் பாசி வெளிச்சம் இல்லாமல் வாடத் தொடங்கும். ஆகவே மூங்கில் துடைப்பத்தால், பாசி பெயர்ந்துவிடாதபடி, மேலோட்டமாகத் தடவுவதைப் போலப் பெருக்குகிறார்கள். களையை மண்டியிட்டு, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறார்கள்.

சரளையும் அப்படித்தான். ஒரு மழை போதும், வாரியால் இழுத்த கோடுகள் கரைந்துவிடும். பின்னோக்கி நடந்து, தம் காலடித் தடத்தையும் சேர்த்து அழித்துக்கொண்டே மறுபடியும் இழுக்க வேண்டும். மரபாகப் பயன்படுத்திய ஷிரகாவா ஆற்றுச் சரளையை இப்போது எடுக்கத் தடை இருப்பதால், இருப்பதைச் சலித்துக் கழுவித் திரும்பப் போடுகிறார்கள். பைன் மரங்களில் இலையுதிர்காலத்தின் இறுதியில் பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவி எடுக்கிறார்கள். மூன்று கால் ஏணியில் நின்று ஒரு தொழிலாளி ஒரே கிளையில் வெகுநேரம் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அடர்ந்திருந்த கிளைக்குள் மெல்ல மெல்ல வெளிச்சம் புகுந்து, அதன் பின்னால் இருந்த கூரையின் வளைவு தெரியத் தொடங்கியது. நாம் வெறுமை என்று வியக்கும் இடைவெளி இப்படித்தான் உண்டாகிறது.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டோஃபுகுஜி கோயிலின் தலைமைக் குரு மாளிகையைச் சூழ்ந்த தோட்டங்களை. தோட்டக் கலைஞர் மிரேய் ஷிகெமோரி 1939இல் அவற்றை அமைத்தபோது, கோயில் நிர்வாகம் விதித்த நிபந்தனை, இருக்கும் பொருள் எதையும் வீணாக்கக் கூடாது என்பது. பழைய நடைபாதையிலிருந்து பெயர்த்த சதுரக் கற்களைப் பாசிக்கு நடுவே சதுரங்கக் கட்டங்களாகப் பதித்தார். அந்தக் கட்டங்கள் போகப் போக இடைவெளி விட்டு, பாசிக்குள் மறைந்துபோகின்றன. கிழக்குப் பக்கத்தில் சப்தரிஷி மண்டலமாக நிற்கும் ஏழு உருளைக் கற்கள், கோயிலின் பழைய கழிப்பறைக் கட்டடத்தின் தூண்களுக்கு அடித்தளமாக இருந்தவை. கழிப்பறைக் கல்லை வானத்து நட்சத்திரமாக நிறுத்திய அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

நம் ஊரிலிருந்து அழைத்துச் செல்லும் சுற்றுலாத் திட்டங்கள் கியோட்டோவுக்கு ஒரு பகலை ஒதுக்கி, அதற்குள் நான்கைந்து கோயில்களைத் திணிக்கின்றன. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஒரு நாளில் இரண்டு தோட்டங்களுக்கு மேல் வேண்டாம். சாய்ஹோஜி 1977இல் பொதுப் பார்வையை நிறுத்தி, முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களை மட்டும் அனுமதிக்கத் தொடங்கியதையும், வந்தவர்களைப் பௌத்தச் சூத்திரத்தைப் படியெடுத்து எழுத வைத்த பிறகே தோட்டத்துக்குள் விடுவதையும் சிலர் கெடுபிடி என்று குறைசொல்கிறார்கள். கூட்டத்தின் மிதியால் சிதைந்துகொண்டிருந்த பாசிக்கு வேறு என்ன பாதுகாப்பு இருக்க முடியும்? மற்றக் கோயில்களும் இந்த வழிக்கு வந்தால் நான் வரவேற்பேன். நுழைவுக் கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள், ஒரே ஒரு பைன் மரத்துக்கு எத்தனை ஆள்நாட்கள் செலவாகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிந்தவரை வார நாளில், கோயில் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். நவம்பர்ச் சிவப்பிலைக்காக முண்டியடிப்பதைவிட, அது முடிந்த டிசம்பரில் போனால் பைன் மரங்களில் ஏணி சாத்தியிருப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தொழிலாளர்கள் குறுக்கே நிற்கிறார்கள், படம் கெடுகிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்களைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள். மறுத்தால், கருவியை உள்ளே வைத்துவிட்டு, அவர்கள் செய்வதை உட்கார்ந்து பாருங்கள்.