ஒரு பசுவின் விலை

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊரில் மாட்டை விற்றால் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, கல்லூரிக் கட்டணமோ காரணமாக இருக்கும். விளையாட்டுக்காக விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அவருடைய அப்பாதான் முதலில் நினைவுக்கு வருகிறார். எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்து விவசாயி. மகனுக்குக் கோல்கீப்பர் கவசங்கள் வாங்கப் பசுவை விற்றவர்.

பலன் உடனே கிடைத்துவிடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 12வது இடம், அதாவது கடைசி. 2017இல் முழங்கால் காயம் வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியுடன் 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர், அதாவது கோலுக்கு அருகிலிருந்து அடிக்கும் வாய்ப்பு. அதைத் தடுத்துவிட்டுக் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாரே, ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதக்கம் அது. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இந்தியா பதினொருவருக்குப் பதில் பத்துப் பேரோடு நாற்பது நிமிடங்களுக்கும் மேல் ஆடியது. அன்று வீட்டில் நான் உட்காரவே இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிய, கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராக வந்து அடிக்கும் ஷூட்அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றது. வெண்கலத்தோடு அவர் ஓய்வுபெற, சீனியர் அணியில் அவருடைய 16ஆம் எண் சட்டைக்கும் ஓய்வு கொடுத்தார்கள்.

நம் பள்ளிகளில் கோலில் யாரை நிறுத்துகிறோம்? ஓட முடியாத பிள்ளையை. இது பெரிய தவறு. ஸ்ரீஜேஷே சிறுவயதில் ஓட்டப் பயிற்சி எடுத்தவர்தான்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளையும் அப்படித்தான் கோலில் நிறுத்தினார்கள். காலில் கிரிக்கெட் பேடு. அது பாதத்தை மூடாது. ஹாக்கிப் பந்து ஏறத்தாழ 160 கிராம் எடை, கல் போல இருக்கும். பாதம் வீங்கியதை அம்மாவிடம் சொன்னால் விளையாட விடமாட்டார் என்று மூன்று நாள் மறைத்திருக்கிறாள். பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கோலை விட்டு வரமாட்டேன் என்கிறாள்!

மட்டை ஆளுக்கொன்று வேண்டும். கோல்கீப்பர் கவசம் பள்ளிக்கு ஒரு செட் இருந்தால் போதும், அடுத்தடுத்து வரும் பிள்ளைகளும் அணியலாம். பழைய மாணவர் சந்திப்புக்குப் பந்தலும் பிரியாணியும் போடுகிற நாம் இதை வாங்கித் தர முடியாதா? ஒவ்வொரு அப்பாவும் மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டுமா?

என்னுடன் படித்தவர்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன். தலைக்கவசம், மார்புக் கவசம், கால் பேடு, கையுறை என்று அக்கா மகளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாதத்துக்குப் போடும் கிக்கரின் கீழ் மட்டும் இரண்டு கோடு இழுத்திருக்கிறாள்.