வாளியில் நெளிந்தது

பொள்ளாச்சியில் அத்தை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது வாளிக்குள் ஏதாவது நெளிந்தால், "புழு வந்திருக்குது பாரு" என்று வாழைக்கு ஊற்றிவிடுவார். அது புழுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கேரளத்தின் ஹோராக்லானிஸ் மீன்களைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு அந்த வாழைதான் ஞாபகம் வருகிறது.

சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கண் கிடையாது. தோலில் நிறமே இல்லாததால், உள்ளே ஓடும் ரத்தம்தான் வெளியே சிவப்பாகத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் மீசை இருக்கும், கெளுத்தி வகை. செம்புரைக்கல்லின் துளைகளிலும் பொந்துகளிலும் தேங்கிய நிலத்தடி நீர்தான் அதன் குகை. மனிதன் உள்ளே நுழையவே முடியாத குகை. கிணறு மட்டும்தான் ஜன்னல்.

கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த முதல் இனத்தை 1950இல் மீனியல் அறிஞர் ஏ.ஜி.கே. மேனன் விவரித்தார். 2012இல் இரிஞ்ஞாலக்குடாவில் கிடைத்த ஒன்றுக்கு நம் அப்துல் கலாம் பெயர். 2023இல் நான்காவது. அதன் பெயர் ஹோராக்லானிஸ் பாப்புலி, அதாவது மக்களுடையது. வாளியில் வந்ததைக் கொட்டாமல் ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் சொன்ன வீட்டுக்காரர்களுக்கான மரியாதை அது. மலப்புறத்து வயலில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு கிடைத்த விசித்திர மீனும் அப்படித்தான். யாரோ சமூக ஊடகத்தில் படம் போட, விராலின் ஆதி உறவு ஒன்று உலகுக்குத் தெரிந்தது.

இப்படி ஏதாவது எழுதினால் உடனே "சரணாலயம் ஆக்குங்கள்" என்று யாராவது வருவார்கள். எதை ஆக்குவது? மேலே வீடு, செப்டிக் டேங்க், ரப்பர் தோட்டம். அதே வெள்ளம் வடிந்ததும் ஊர் ஊராகக் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, குடிக்கிற தண்ணீர். ஆனால் செம்புரைக்கல் குவாரிகள் விஷயத்தில் அந்தத் தாராளம் எனக்கு இல்லை. மீன் குடியிருக்கிற கல்லையே அறுத்து நம் வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறோம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் கிணறு கைவிடப்படுவதுதான். குழாய் வந்ததும் கிணறு குப்பைக்குழி. அழுக்கு நேரே நிலத்தடி நீருக்குப் போகிறது என்பது ஒரு பக்கம், உள்ளே எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. மீன் செத்தாலும் பிழைத்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? என்னைக் கேட்டால், புழங்குகிற ஒரு கிணற்றுக்கு அரசு சின்னதாக ஏதாவது தொகை கொடுப்பது, பலகை நட்ட பத்துச் சரணாலயங்களைவிடப் பயன்.

இதை எழுத உட்காரும் முன் அத்தைக்குப் போன் செய்து கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதுவா? சிலாப் போட்டு மூடி ரெண்டு வருஷமாச்சு சாமி. மேல மாமா ஸ்கூட்டர் நிறுத்தறாரு."