ஸ்பேர் ஆக்சில் இல்லாமல் மலையேறாதீர்கள்

ஆஃப்ரோடு போகும் வண்டியில் ஸ்டெப்னிக்கு அடுத்தபடி கட்டாயம் இருக்க வேண்டியது ஸ்பேர் ஆக்சில் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு. இதுதான் என் கட்சி. வின்ச், ஸ்னார்க்கல், கூரை மேல் வரிசையாக எல்.இ.டி. விளக்கு எல்லாம் அப்புறம்தான். அவற்றையெல்லாம் ஆசை ஆசையாக வாங்கி மாட்டுகிறவர்கள், சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும் ஓர் இரும்புத் தண்டை மட்டும் வாங்காமல் கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது.

ஆக்சில் ஏன் கட்டாகிறது? கணக்குக்காக 100 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தரும் ஒரு சின்ன எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் விகிதம் 3.6, டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) லோவில் 2.2, டிஃபரன்ஷியல் 4. எல்லாவற்றையும் பெருக்கினால் 3,168 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஐந்து பேர் ஏறி நின்றால் எவ்வளவு முறுக்கு வருமோ, அவ்வளவு. சாதாரண டிஃபரன்ஷியல் தனக்கு வருவதை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போட்ட வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்திலும் இன்னொன்று பாறை இடுக்கிலும் இருந்தால், அந்த ஆக்சிலுக்கு வருவதெல்லாம் மாட்டிக்கொண்ட பக்கத்து ஷாஃப்டின் தலையில்தான் விழும். அதைவிட மோசம், அந்தரத்தில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் சட்டென்று கெட்டித் தரையைப் பிடிக்கும் அந்தக் கணம். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே அப்படி இறங்கினால் 'டொம்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது. பெரிய டயர் மாட்டியிருந்தால் இந்த நாள் இன்னும் சீக்கிரம் வரும்.

உங்கள் வண்டியின் பின் ஆக்சில் எந்த வகை என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஃபுல் ஃப்ளோட்டிங் என்றால் வண்டியின் எடையை ஹவுசிங்கும் (ஆக்சிலின் வெளிக்கூடு) ஹப்பும் (சக்கரம் மாட்டும் குடம்) தாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுக்கு சக்கரத்தைச் சுற்றுவது மட்டுமே வேலை. இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சில் அப்படித்தான். 1958 முதல் 1985 வரை வந்த லேண்ட் ரோவர் சீரீஸ் 2, 3 வண்டிகளிலும் அதே அமைப்பு. அந்த லேண்ட் ரோவர்கள் ஷாஃப்டை முறித்துக்கொள்வதில் பெயர் பெற்றவை. ஆனால் சக்கரத்தைக் கழற்றாமலே ஃபிளாஞ்சில் உள்ள ஆறு போல்ட்டை எடுத்துவிட்டு ஷாஃப்டை உருவிவிடலாம். அதனால்தான் அந்த வண்டி வைத்திருந்தவர்கள் ஸ்பேர் ஷாஃப்டை வண்டியிலேயே கட்டிவைத்துக்கொண்டு தைரியமாகத் தூர தேசம் போனார்கள்.

செமி ஃப்ளோட்டிங் கதை வேறு. நம் ஊரில் அதிகம் புழங்கும் மாருதி ஜிப்ஸியின் பின் ஆக்சில் இந்த வகை. இதில் அதே ஷாஃப்ட் சக்கரத்தையும் சுற்ற வேண்டும், எடையையும் தாங்க வேண்டும். முறிவு பேரிங்குக்கு வெளிப்பக்கம் விழுந்தால் சக்கரம் தனியாகக் கழன்றுவிடும். தொண்ணூறுகளின் ராங்லர், செரோக்கி பலவற்றில் இருந்த டேனா 35 ஆக்சிலில் உள்ளே 'சி' எழுத்து வடிவக் கிளிப் ஒன்றுதான் ஷாஃப்டைப் பிடித்திருக்கும். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் டிரம்மோடு மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வந்துவிடும். இப்படிப்பட்ட வண்டியை "முன் சக்கரத்தில் ஓட்டிக் கீழே கொண்டுபோய்விடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், அனுமதி வாங்கிப் போன ஒரு பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களோடு வந்த ஜிப்ஸி ஒன்றுக்கு ஏற்றத்தின் நடுவில் பின் ஆக்சில் கட்டானது. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் சரிவு, ஒற்றை வண்டிப் பாதை. யாரிடமும் ஸ்பேர் இல்லை. வண்டிக்காரர் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று தெரிந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பின்னால் எஸ்டேட் டிராக்டர் வந்து நின்றுவிட்டது, டிரெய்லர் நிறைய பறித்த பச்சை இலை மூட்டை. மேற்பார்வையாளர் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சூடேற ஆரம்பிச்சிருச்சு சார். இன்னும் நேரமானா இலை சிவந்துரும், ஃபேக்டரில எடுக்க மாட்டாங்க" என்றார். காலையிலிருந்து சரிவில் நின்று பறித்த பெண்களின் உழைப்பு அந்த மூட்டைகளில் இருந்தது. ஆக்சில் உங்களுடையதாக இருக்கலாம், பாதை உங்களுடையது மட்டும் இல்லை. ஸ்பேர் வைத்துக்கொள்வதை அவரவர் விருப்பம் என்று விட்டுவிடக் கூடாது என நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, ஸ்பேர் என்று எதைக் கொண்டுபோவது? செமி ஃப்ளோட்டிங் வண்டிக்கு வெறும் தண்டு மட்டும் இருந்தால் பயனில்லை. பேரிங்கையும் அதைப் பிடித்துவைக்கும் வளையத்தையும் பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற முடியும். மலையில் பிரஸ்ஸுக்கு எங்கே போவது? பட்டறையிலேயே ஏற்றி, அப்படியே மாட்டுகிற நிலையில் எடுத்துவர வேண்டும். சில வண்டிகளில் பிரேக் மாட்டியிருக்கும் தகடான பேக் பிளேட்டும் ஷாஃப்டோடு சேர்ந்தே வெளியே வரும். அப்படியானால் ஸ்பேரிலும் அது இருக்க வேண்டும். முன் ஆக்சிலில் கிராஸ் ஜாயிண்ட் (சிலுவை வடிவ மூட்டு) உள்ள வண்டி என்றால் உள் ஷாஃப்ட், வெளி ஷாஃப்ட், நடுவில் கிராஸ் மூன்றையும் கோத்து ஒரே பொருளாக வைத்திருங்கள். கிராஸ் உடையும்போது பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் காதையும் பிய்த்துக்கொண்டுதான் போகும்.

நிறைய ஃபோர்வீல் வண்டிகளில் டிஃபரன்ஷியல் நட்டநடுவில் இருக்காது. இடது ஷாஃப்ட் ஒரு நீளம், வலது ஒரு நீளம். வாங்கியதும் வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஷாஃப்டின் முனையில் உள்ள ஸ்ப்லைன் பற்களைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பற்கள் நேராக ஓடாமல் லேசாகத் திருகியிருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே முறுக்கு வாங்கியது. கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் தொடாதீர்கள். நல்ல ஷாஃப்டைத் துடைத்து நீளவாக்கில் பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போட்டு மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கோடு வளைந்திருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் போகும். ஸ்பேரைக் கிரீஸ் தடவி, பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையும் மூடி, சீட்டுக்கு அடியில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். சும்மா பின்னால் போட்டுவைத்தால், வண்டி புரளும்போது உங்கள் மண்டையைத்தான் தேடி வரும்.

மலையில் மாற்றும்போது பலர் அசட்டையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய ஜீப், லேண்ட் ரோவர் வகைகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. ஒரு பக்க ஆக்சில் முறிந்துவிட்டால் அந்த ஹேண்ட்பிரேக் வண்டியைப் பிடிக்காது. டிஃபரன்ஷியல் உள்ளே சும்மா சுற்ற, வண்டி தானாகச் சரிவில் உருளும். டூவீல் டிரைவில் கியரில் போட்டு நிறுத்துவதும் இதே காரணத்தால் உதவாது. ஃபோர்வீலில் போட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

ஷாஃப்ட் உருவ வராவிட்டால், பிரேக் டிரம்மைத் திருப்பி வைத்து வீல் நட்டுகளைச் சில புரி மட்டும் ஏற்றி, டிரம்மைப் பிடித்து வெளிப்பக்கமாக வெடுக் வெடுக்கென்று இழுங்கள். அந்த அடியில் பேரிங் இளகி வந்துவிடும். உள்ளே மாட்டிய துண்டை நீளக் காம்பு உள்ள காந்தத்தால் எடுக்கலாம். வராவிட்டால் டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டியதுதான். ஆக, ஒரு டின் கியர் ஆயில், ஓர் ஆயில் சீல், ஒரு டியூப் அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை), பிரேக் ஆயில் எல்லாம் ஸ்பேரோடு சேர்ந்த சாமான்கள். உலோகத் துணுக்கு ஒன்றை உள்ளே விட்டுவிட்டு ஓட்டினால் டிஃபரன்ஷியலில் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் காலி.

ஷாஃப்ட் முறிந்த இடத்தின் முகத்தைத் துடைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். வழவழப்பாக, வளைவு வளைவாக வரிகள் தெரிந்தால் விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது. மறுபக்க ஷாஃப்டும் அதே வயதுதான், அதையும் மாற்றுங்கள்.

"குரோமோலி ஷாஃப்ட் போட்டுட்டா ஸ்பேரே வேண்டாமே" என்பார்கள். குரோமோலி என்பது வலுவான கலப்பு எஃகு. போடுங்கள், நல்லதுதான். ஆனால் ஷாஃப்ட் முறியாத இடத்தில் அடுத்த பலவீனமான பாகம் முறியும். அது பெரும்பாலும் கிரவுன் பினியனாகவோ கிராஸ் ஜாயிண்டாகவோ இருக்கும். கிரவுன் பினியனை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, டயல் கேஜால் அளந்து பட்டறையில் செட் பண்ண வேண்டும், மலையில் நடக்காது. அளவான டயரும் கம்பெனி ஷாஃப்டும் கொண்ட வண்டியில், முறிந்தாலும் நம் கையால் மாற்றக்கூடியதுதான் முறிகிறது. எனக்கு அதுவே நிம்மதி.

எல்லா ஷாஃப்டையும் ஒருவரே சுமக்கவும் தேவையில்லை. ஒரே மாடல் வண்டிகள் சேர்ந்து போனால் ஒருவர் பின் இடது, ஒருவர் பின் வலது, இன்னொருவர் முன்பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். பயணம் ஏற்பாடு செய்கிற நண்பர்களே, முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், ரொம்ப நல்லது. வாட்ஸ்அப் பட்டியலில் பெயர், வண்டி மாடலுக்குப் பக்கத்தில் 'எந்தப் பக்க ஆக்சில் கொண்டுவருகிறீர்கள்' என்று இன்னொரு கட்டமும் போடுங்கள். அது காலியாக இருந்தால் கிளம்புவதற்கு முந்தைய வாரமே அவருக்கு போன் போட்டுக் கேளுங்கள்.