ஊருக்குள்ளயா, காலனியா?

போன மாதம் விழுப்புரம் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூரியர் பையனிடமிருந்து அவனுக்கு போன். கையெல்லாம் மீன் குழம்பு, அதனால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, வீடு எங்க? ஊருக்குள்ளயா, காலனியா?"

நண்பன் என்னை ஒரு தரம் பார்த்தான். "நீங்க பஸ் ஸ்டாப்புலயே நில்லுங்க தம்பி, நானே வந்து வாங்கிக்கிறேன்." சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த வெயிலில் நடந்துபோய் ஒரு ஹெட்போன் பெட்டியை வாங்கிவந்தான். பையன் மேல் தப்பே இல்லை. அவனுக்கு வழி தெரிய வேண்டும். வழி கேட்பதற்கே அந்தக் கேள்விதான் இருக்கிறது அந்தப் பக்கத்தில்: ஊர் என்றால் மற்ற சாதியார் தெருக்கள், காலனி என்றால் தலித் மக்கள் தெருக்கள்.

அன்று சாயங்காலம் நண்பனின் அம்மா பையை எடுத்துக்கொண்டு, "ஊருக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். கல்யாணமாகி வந்து நாற்பது வருடமாக அந்த ஊரில்தான் இருக்கிறார். ஓட்டு அங்கே, ரேஷன் அங்கே. ஆனாலும் ஊருக்குள் ‘போய்விட்டு’ வர வேண்டியிருக்கிறது. அதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, நாம் கடைக்குப் போகிறேன் என்பதுபோல் சொன்னார். எனக்கு உறைத்தது அதுதான். வேலி போட வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம். வெளியே நிறுத்தப்பட்டவரின் வாயாலேயே எல்லையைச் சொல்லவைக்க ‘ஊர்’ என்கிற ரெண்டெழுத்து போதும்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. வரி கட்டத் தேவையில்லாத இடங்களை முதலில் கழிப்பார்கள்: ஊர்நத்தம் (ஊரார் குடியிருக்கும் இடம்), குளம், சுடுகாடு, கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி. சில இடங்களில் தீண்டாச்சேரி என்றே வெட்டியிருக்கிறார்கள். ஊர்நத்தம் தனி இனம், சேரி தனி இனம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்குப்பிள்ளையும் இந்தக் கூரியர் பையனும் ஒரே பாகுபாட்டை வைத்துத்தான் இடத்தை அடையாளம் காண்கிறார்கள்.

இத்தனைக்கும் ‘சேரி’ என்பது கெட்ட வார்த்தையாகப் பிறக்கவில்லை. ஆட்கள் சேர்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். மதுரைக்காஞ்சியில் பாணர்கள் குடியிருந்த பாண்சேரி வருகிறது. அதே தஞ்சைக் கோயிலில் நானூறு ஆடல் பெண்களைக் குடியமர்த்திய தெருக்களுக்குப் பெயர் தளிச்சேரி. புதுச்சேரியையும் வேளச்சேரியையும் சொல்லும்போது யாருக்காவது நாக்கு கூசுகிறதா? தனியாக நிற்கும்போதுதான் கூசுகிறது. சொல் அழுக்கானது அங்கே வாழ்ந்தவர்களால் இல்லை. தள்ளிவைத்தவர்கள் வாயில் கிடந்து அழுக்கானது.

அப்புறம் காந்தி தலித் மக்களை ‘ஹரிஜன்’ என்றார், 1933இல் அந்தப் பெயரிலேயே பத்திரிகையும் நடத்தினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் அரிசன காலனி ஆயின. முன்பாதி உதிர்ந்து ‘காலனி’ மட்டும் தங்கியது. சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் வாடகை கூடும். அதே சொல் விழுப்புரத்தில் இறங்கியதும் வேறு பொருள் தருகிறது. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் தன் நாட்டுக்கு வெளியே பிடித்துவைத்த நிலத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், நம் கிராமத்தில் வந்து உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். பொருத்தம்தான் போல.

2025 ஏப்ரலில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் சட்டமன்றத்தில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். உடனே இங்கே பலர், "பேரை மாத்திட்டா எல்லாம் மாறிடுமா?" என்று எழுதினார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் வேலைக்கான விண்ணப்பத்தில் முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தியிருக்கிறார்கள்? என் நண்பன் காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து நிறுத்தியிருக்கிறான்.

பெயருக்காகச் சண்டை போட்டவர்கள் வேலையற்றவர்கள் இல்லை. மூன்று தலித் தலைவர்களைப் பாருங்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லை வைத்து அடிக்கிறாயோ, அதைத் தலைப்பிலேயே போடுகிறேன் என்கிற துணிச்சல். அதே காலத்தில் அயோத்திதாசர் அந்தப் பெயரே பிறர் நம்மீது ஏற்றியது, எனக்கு வேண்டாம் என்றார். அவர் 1907இல் தொடங்கிய பத்திரிகை ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒருவர் சொல்லைப் பிடுங்கிக்கொண்டார், இன்னொருவர் தூக்கி எறிந்தார். 1922இல் எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றினார். மூன்று பேருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: உன்னை என்னவென்று அழைப்பது என்பதை இன்னொருவன் முடிவு செய்தால், உன் இடத்தையும் அவனே முடிவு செய்துவிடுவான்.

(கட்டுமரமும் கறியும் ஆங்கிலத்துக்குப் போன கதையைப் பெருமையாகச் சொல்வோம். ‘பறையர்’ என்ற சொல்லும் ‘பரையா’வாக (pariah) இங்கிருந்துதான் போனது. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளோடு அகராதியில் இருக்கிறது. அதை மட்டும் நம் பட்டியலில் சேர்ப்பதில்லை.)

ஆகவே நான் பெயர் மாற்றத்தின் பக்கம்தான். என் சந்தேகம் வேறு. அம்பேத்கர் நகர் என்று வைத்தாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு இருக்கும்வரை எந்தப் பெயரும் சீக்கிரமே சங்கேதமாகிவிடும். சேரி போய் காலனி வந்தபோது நடந்ததும் அதுதானே. மாற வேண்டிய சொல் ‘காலனி’ மட்டுமில்லை, ‘ஊர்’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதும்தான். அதை எந்த அரசாணையில் எழுதுவது?

கிளம்பும்போது நண்பனிடம் கேட்டேன், உங்கள் தெருவுக்கு என்ன பெயர் வேண்டும் என்று. தலைவர் பெயர் வேண்டாம், பூ பெயர் வேண்டாம் என்றான். "சும்மா வடக்குத் தெருன்னு இருந்தா போதும்டா. கேக்கறவன் அடுத்த கேள்வி கேக்கக் கூடாது."

அப்புறம் அவனே சிரித்துவிட்டான். ஊருக்குள் ஏற்கெனவே ஒரு வடக்குத் தெரு இருக்கிறதாம்.