தேதியை மாற்றினால் காரணத்தையும் சொல்லுங்கள்

அம்மாவின் நுரையீரல் கட்டிக்கு முதலில் மூச்சுக்குழாய் வழியே கேமரா விட்டு பயாப்ஸி, அதாவது சோதனைக்குக் கட்டியில் துளி சதை எடுப்பது, என்றார்கள். அப்புறம் சி.டி. ஸ்கேனில் பார்த்தபடி முதுகுப் பக்கம் ஊசி குத்தி எடுப்பார்களாம். சரி, ஓரத்தில் இருக்கும் கட்டியைக் குழாய் வழியே எட்டுவது கடினம்தான். அதை எங்களிடம் சொன்னால் என்ன?

என் பெரிய கவலை க்ளோபிடோக்ரெல். இரத்தம் உறையாமலிருக்க, இதய இரத்தக்குழாயில் அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட் வைத்தபின் அம்மா சாப்பிடும் மாத்திரை. ஊசிக்காகச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். இப்போது தேதி தள்ளிப்போகிறது. திரும்பத் தொடங்குவதா? கவுன்டரில் "டாக்டரைக் கேளுங்க". டாக்டரோ ரவுண்ட்ஸில். இதயத்துக்கு யார் பொறுப்பு?

குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வேலூர் வந்தவரை, மதியம் "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்புகிறார்கள். முந்தின நாளே ஒரு போன் பண்ணக்கூடாதா?