புகார்கள் குவிந்தால் வாங்கிய எல்லோரும் ஏமாந்தவர்களா?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இந்த கம்பெனியின் மின்சார பைக் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தவர்கள். இணையத்தில் இருக்கும் புகார்களே சாட்சி." இந்தக் கணக்கு தவறு.

புகார்கள் பொய் என்று சொல்லவில்லை. சர்வீஸுக்கு விட்ட வண்டி வாரக்கணக்கில் திரும்பவில்லை என்றால் யாரும் எழுதத்தான் செய்வார்கள். தினமும் பாரிமுனைக்கு வேலைக்குப் போய்வந்து, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குபவர் எதை எழுதப் போகிறார்? புகாரை மட்டும் எண்ணி விகிதம் சொல்ல முடியாது. எத்தனை வண்டி விற்றது என்பதும் தெரிய வேண்டும். மத்திய அரசின் 'வாகன்' தளத்தில் நிறுவனவாரியாகப் பதிவு எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை என்பதால் அவை அதில் வராது.

சரி, "என் வண்டி சூப்பர்" என்பவரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மழைக்காலமாவது ஓட்டியவரிடம் கேளுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் தண்ணீர் தேங்கியபோது வண்டி என்ன ஆனது? பேட்டரிக்கு ஐபி67 (தூசு, தண்ணீர் புகாமல் தடுக்கும் தரக் குறியீடு) என்றால் 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடச் சோதனை, அவ்வளவுதான். வெள்ளத்தில் மணிக்கணக்கில் நின்ற வண்டிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

புகார்களில் ஒரே பாகம் திரும்பத் திரும்ப வந்தால் அதைத்தான் நான் பெரிய எச்சரிக்கையாக எடுப்பேன். சர்வீஸ் கிடைக்காதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.